பத்து மணிக்கு வாண்டு என்ன செய்தாள்

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம்தானே? வாண்டை உன்னிடம் விட்டுவிட்டு வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. நான் பஸ் ஏறும்போது அழுவாள், கையைப் பிடித்து இழுப்பாள் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அவளோ உன் இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அழுதிருந்தால் இறங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அவள் அப்பா பிரிந்துபோன பிறகு எனக்கு மிச்சம் இந்த வேலையும் நீயும்தான். காலை ஆறு மணிக்குக் கம்பெனியில் ஊசிகளைப் பெட்டியில் அடுக்கும் லைனில் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி ஒரு மாதம் பார்த்துக்கொண்டாள், அப்புறம் கையை விரித்துவிட்டாள். மூன்று வயசுக் குழந்தையை வீட்டில் வைத்துப் பூட்டவா முடியும்?

இப்போது ஒரு நல்ல சேதி. வேலைக்கு வரும் தாய்மாருக்காகக் கம்பெனியின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் திறக்கப்போகிறார்கள். இடம் பன்னிரண்டு, கேட்பவர்கள் தொண்ணூறு பேர். சனிக்கிழமைதோறும் பிள்ளை வளர்ப்பு வகுப்பும் உண்டு. அந்த வகுப்புக்குப் போய், குழந்தை தினமும் என்ன செய்கிறது என்று ஆறு மாதம் நோட்டு எழுதிக் காட்டுகிறவர்களுக்குத்தான் முன்னுரிமையாம். விண்ணப்பத்தில் 'குழந்தை உங்களுடன் வசிக்கிறதா?' என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினால் வரிசையிலேயே சேர்க்கமாட்டார்கள் என்று லைனில் எல்லோரும் சொன்னார்கள். ஆமாம் என்று எழுதிவிட்டேன்.

அதனால் நீ எனக்கு வாரம் ஒரு தாள் எழுதி அனுப்பு. எழுந்தாள், தின்றாள், விழுந்தாள், எல்லாம் வேண்டும். போனில் கேட்கலாம் என்றால், அவள் குரல் காதில் விழுந்ததும் எனக்குக் கேட்க வந்ததே மறந்துபோகிறது. ஆறே மாதம்தான். அப்புறம் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் அக்கா

*

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மகளுக்குக் குமாஸ்தாவாக எனக்கு வேலை போட்டுக் கொடுத்ததற்கு நன்றி. சம்பளம் என்ன என்று நீ எழுதவே இல்லை.

இந்த வாரக் கணக்குத் தனித்தாளில் இருக்கிறது. கேட்டது நீ, அதனால் மணி போட்டே எழுதியிருக்கிறேன். காலை பத்து மணிக்கு என் தையல் மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்து, கீழே விழுந்த பட்டனையெல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு பட்டன் எடுத்துக் கொடுத்து வழியனுப்புகிறாள். ஒரு வாடிக்கைக்காரரின் கோட்டுக்கு மூன்று பட்டன் குறைந்து, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். கடிக்கிறாள். கோபம் வந்தால் என் பெரியவளின் கையை அப்படியே கவ்விவிடுகிறாள். எட்டு வயசுப் பெண், பாவம், திருப்பி அடிக்கவும் மாட்டேன் என்கிறாள். இதற்கு என்ன செய்வது என்று உன் வகுப்பில் கேட்டு எழுது.

எனக்கு முதுகுவலி. அது நோட்டில் சேராது, உனக்காகச் சொன்னேன்.

தங்கச்சி

*

ஏப்ரல் 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிப்பதைப் பற்றி வகுப்பு டீச்சரிடம் கேட்டேன். கடிபடுவது உன் பெரியவள் என்று எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டுப் பெண் என்று சொன்னேன். பொய் ஒன்று சொன்னால் அதற்குத் துணைக்கு இன்னொன்று கூடவே வந்துவிடுகிறது.

வழி இதுதான். மண்டி போட்டு, அவள் கண்ணுக்கு நேராக உன் முகம் வரும்படி உட்கார வேண்டும். இரண்டு கையையும் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, "கோவமா இருக்கியா? எனக்குப் புரியுது. கடிச்சா வலிக்கும்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு மேல் பேச்சுக் கூடாது. அழுது முடியும்வரை கையை விடக் கூடாது. வகுப்பில் ஜோடி ஜோடியாகப் பழகச் சொன்னார்கள். எனக்கு ஜோடி, நாங்கள் குண்டூசி என்று கூப்பிடுகிற ஒல்லிப் பெண். அவள் குழந்தையாக நடிக்கிறேன் என்று நிஜமாகவே கடித்து வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து தலையணையிடம் பழகினேன். தலையணை ஒரு முரண்டும் பண்ணவில்லை.

போன சனிக்கிழமை டீச்சர் என் நோட்டை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "இப்பிடித்தான் பிள்ளைய கவனிக்கணும்" என்றார். கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுத்து என்னுடையது, கவனிப்பு உன்னுடையது. குண்டூசியின் நோட்டில் ஒரு நாளைக்கு இரண்டு வரிகூட இல்லை. ஓவர்டைமும் முடித்து வீட்டுக்குப் போவதற்குள் அவள் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்களாம்.

உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இடுப்பில் அவளை ரொம்ப நேரம் வைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா

*

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கடிப்பது நின்றுவிட்டது. உன் டீச்சருக்கு ஒரு கும்பிடு. யோசனை உன்னுடையது, மண்டி என்னுடையது. முட்டி இரண்டும் தேய்ந்துபோய்விட்டது. முந்தாநாள் அழுது முடித்ததும் அவளே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கோவம் போயிடுச்சு" என்றாள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன். என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். நான் சொல்லித்தரவில்லை, சத்தியமாக இல்லை. பெரியவள் கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டு அவளுக்கும் வந்துவிட்டது. "சித்தின்னு சொல்லுடி" என்கிறேன். இரண்டு தடவை சொல்கிறாள். மூன்றாவது தடவை பழையபடி அம்மாதான். ராத்திரி தூக்கத்தில் கூப்பிடும்போது நான் என்ன திருத்துவது?

நீ போன் பண்ணினால் வரமாட்டேன் என்று ஓடுகிறாள். அவள்மேல் வருத்தப்படாதே. என்மேலும் வருத்தப்படாதே. ஆகஸ்டில் காப்பகத்தில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

தங்கச்சி

*

ஆகஸ்ட் 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். பன்னிரண்டு பேரில் நான் இல்லை. மூன்று தடவை மேலிருந்து கீழே படித்தேன்.

டீச்சரிடம் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒங்க நோட்டுதான் எல்லாத்துலயும் நல்ல நோட்டு. அதனாலதான் ஒங்களுக்கு எடமில்ல. காலைல பத்து மணிக்கு என்ன பண்ணா, பதினொண்ணுக்கு என்ன பண்ணான்னு எழுதியிருக்கீங்க. அந்த நேரத்துல நீங்க லைன்ல நிக்கிறீங்க. அப்போ வீட்டுல யாரோ கண்ணுல வெளக்கெண்ண விட்டுக்கிட்டு அவளப் பாத்துக்கிறாங்க. பாத்துக்க ஆளே இல்லாதவங்களுக்குக் குடுத்தோம்."

பார்த்தாயா? நீ மணி போட்டு எழுதினாய், நான் மணியோடு காப்பியடித்தேன். இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை. பத்து மணிக்கு நான் தலையில் வலைத் தொப்பியோடு ஊசியை எண்ணிக்கொண்டிருப்பேன் என்பது எனக்கே மறந்துபோயிருக்கிறது. எழுதும்போது நான் அங்கேதான் இருந்தேன், தங்கச்சி. மெஷினுக்கு அடியில் அவளோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். "அவ எங்கிட்டயே இல்ல மேடம். ஒம்பது மணி நேரம் பஸ்ல போகணும்" என்றேன். அவர் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார். நான் எழுதிய ஆமாம் அங்கே இருந்தது. "இத மேல கொண்டுபோனா ஒங்க வேலைக்கே ஆபத்து. நீங்க சொன்னது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. யாரைத் திட்டுவது? எல்லோரும் நல்லவர்களாக இருந்தால் சண்டை போடக்கூட ஆள் கிடைப்பதில்லை.

இடம் கிடைத்தவர்களில் குண்டூசியும் ஒருத்தி. இத்தனை நாளும் இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அவளைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பட்டேன்.

அடுத்த பட்டியல் ஒரு வருஷம் கழித்துத்தான். வகுப்பை முடித்ததற்கு எனக்குச் சான்றிதழும் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவும் கொடுத்திருக்கிறார்கள். அக்டோபர் தொடக்கத்தில் வருகிறேன்.

உன் அக்கா

*

அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ போனதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீ தப்பாக ஒன்றும் செய்யவில்லை. வகுப்பில் சொன்னபடி மண்டி போட்டாய், கண்ணுக்கு நேராகப் பார்த்தாய், மெதுவாகப் பேசினாய். அவள்தான் என் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். கடைசியில் வெளியே வந்து உன் கையில் ஒரு பட்டனை வைத்தாளே, அப்போது நீ சிரித்தாய். அவள் யாருக்கெல்லாம் பட்டன் கொடுப்பாள் என்று உனக்குத் தெரியும், நான்தானே எழுதினேன். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

நீ போன சாயங்காலம் அவள் கேட்டாள், "அவங்க யாரு? என்னத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா?" நான் உட்காரவைத்து, "அவங்கதான்டி ஒன் அம்மா" என்றேன். அவ்வளவுதான். அழுது அழுது ஜுரமே வந்துவிட்டது. மூன்று நாளாக நான் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று தட்டுகிறாள்.

அக்கா, நீ கூட்டிக்கொண்டு போ என்றால் இன்றைக்கே துணியை மடித்து வைக்கிறேன். அவள் உன் பிள்ளை. நான்கு நாள் அழுவாள், ஐந்தாம் நாள் சரியாகிவிடுவாள். ஆனால் அங்கே போனால் யார் பார்ப்பார்கள் என்பதற்கு உன்னிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. இங்கேயே இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்கிறார். இரண்டும் இல்லாமல் இப்படி இழுபறியாக வைத்திருந்தால் அவளுக்குத்தான் கஷ்டம். இந்த ஜுரத்தைப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

உன்னைப் பற்றி அவள் திரும்பக் கேட்டால் நான் என்ன சொல்லட்டும்? எனக்குத் தெரியவில்லை. நீயே சொல்.

தங்கச்சி

*

அக்டோபர் 20

(தங்கச்சிக்கு: இதை அவளுக்குப் படித்துக் காட்டு. நடுவில் அழாமல் படி.)

அன்புள்ள வாண்டுக்கு,

ஜுரம் விட்டுவிட்டதா? அன்றைக்கு உன் வீட்டுக்கு வந்து மண்டி போட்டுப் பேசினேனே, அது நான்தான். உன்னைப் பயமுறுத்திவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

நான் யார் என்று கேட்டாயாம். நான் உன் அம்மாவுடைய அக்கா. ரொம்பத் தூரத்தில் ஒரு கம்பெனியில் ஊசிகளை எண்ணிப் பெட்டியில் வைக்கிற வேலை பார்க்கிறேன். லீவு கிடைக்கும்போதெல்லாம் உன்னைப் பார்க்க வருவேன். பார்த்துவிட்டு நான் மட்டும்தான் பஸ் ஏறுவேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போகமாட்டேன். அதனால் இனிமேல் ஒளிய வேண்டாம், என்ன?

அம்மா குளித்துவிட்டு வரும்வரை கதவைத் தட்டாமல் இரு. அவள் எங்கேயும் போகமாட்டாள்.

அன்புடன்,
உன் பெரியம்மா