சேகர் மாமாவின் பாட்டிலுக்குச் சாயச் சோதனை

ஜூலை 8, செவ்வாய்

இன்றிலிருந்து நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அப்பா தப்பு செய்தாலும் சரி, நான் செய்தாலும் சரி. காலையில் தூறல். தெருவில் யாரும் தறிக்குப் பாவு விரிக்கவில்லை. சமூக அறிவியல் டெஸ்ட் 23/25.

துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் சேகர் மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவுக்கு ஒரு விஸ்கி பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். சிங்கிள் மால்ட், உசத்தி ரகமாம். அப்பா குடிக்கமாட்டார். பட்டு வாங்க வரும் வியாபாரிகளுக்கு ஆகுமாம்.

ஞாயிறன்று வந்தவாசியில் மாமாவுக்குப் பெண் கேட்கப் போகவேண்டும். தாத்தா இல்லாததால் அப்பாதான் பேசவேண்டும். அடுத்த வாரம் வியாழன் ஆடி பிறக்கிறது. விட்டால் ஒரு மாதம் தள்ளும். பெண் வீட்டில் வேறு இடமும் பார்க்கிறார்களாம்.

ஜூலை 9, புதன்

புழுக்கம். அப்பாவின் நண்பர் பழனி சித்தப்பா வந்தார். ஜரிகைக் கடை. சரக்கு விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்பார். பாட்டிலைத் திறந்தார்கள். பெட்டியை என்னைப் படிக்கச் சொன்னார்கள்.

படித்தேன். ஷெர்ரி என்ற திராட்சை மது இருந்த மரப் பீப்பாயில் பன்னிரண்டு வருடம் ஊறியது. உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், பட்டை வாசனை. நிறம் சேர்க்கவில்லை.

மூடியை மோந்து பார்த்தேன் (குடிக்கவில்லை). உலர்திராட்சை உண்மை. ஆரஞ்சு சந்தேகம். புதிதாக வார்னிஷ் அடித்த பீரோ, நிச்சயம்.

சித்தப்பா டம்ளர் நிறையக் கோலா கலந்தார். மாங்காய் ஊறுகாயை நக்கினார். குடித்தார்.

“இன்னாண்ணா இது, தித்திப்பா கீது! கிக்கே இல்ல.”

கோலா தித்திக்காமல்?

அடுத்து அப்பாவின் சோதனை. புடவையை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பாரே, அதே மாதிரி. துணியில் விஸ்கியை ஊற்றினார். பழுப்பு வட்டம்.

“பாத்தியா, சாயம் வுடுது. டூப்ளிகேட்டு.”

“அப்பா, அது மரத்தோட நிறம்ப்பா. பெட்டியிலயே போட்டுகிது.”

“டூப்ளிகேட்டு பண்றவன் பெட்டி பண்ணமாட்டானா? பொட்டப் புள்ளைக்குச் சரக்கப் பத்தி இன்னா தெரியும்? உள்ள போ.”

பெட்டியைப் படிக்கச் சொன்னது யார்? பொட்டப் பிள்ளையைத்தானே?

ஜூலை 10, வியாழன்

கணக்கு நோட்டு தீர்ந்துவிட்டது, வாங்கவேண்டும்.

அப்பா வந்தவாசிக்கு வரமாட்டாராம். “போலி பாட்டில குடுத்து ஏமாத்தறவனுக்கு நான் போய்ப் பேசணுமா? நாளைக்கு அந்தப் பொண்ணு வூட்டுக்கு யாரு ஜவாப் சொல்றது?”

“என் தம்பி ஏமாத்துறவனா?” என்று கேட்டாள் அம்மா. அதோடு பேச்சு நின்றது. இரவு சாம்பாரில் உப்பு இல்லை. மறதி என்று நான் நம்பவில்லை.

மாமா போன் செய்தார். “எத்தினி மணிக்கு பஸ்ஸு, அக்கா?” அம்மா ஏதோ சமாளித்தாள். அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கேட்டது. ஒரு கைக்குட்டை அளவு துணி ஒரு மனிதரைத் திருடனாக்கிவிட்டது!

ஜூலை 11, வெள்ளி

வெயில். பள்ளி விட்டு வரும்போது தச்சுப் பட்டறையில் வேங்கை மரச் சீவல் கேட்டேன். “இன்னாத்துக்கு?” “புராஜெக்ட்.” (பொய். பதிவு செய்கிறேன்.) டம்ளர் தண்ணீரில் ஊறவைத்தேன்.

ஜூலை 12, சனி

தண்ணீர் டீ நிறம்! அப்பாவின் அதே துணியில், அவருடைய வட்டத்துக்குப் பக்கத்தில் ஊற்றினேன். இரண்டும் பழுப்பு.

“இந்தத் தண்ணிக்கு யாருப்பா சாயம் போட்டது?”

அப்பா துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மோந்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் அப்பா சித்தப்பாவிடம் அதே துணியைக் காட்டி: “மரத்துல ஊறினா நிறம் எறங்காதாடா? இதுகூடத் தெரியாம நீ சரக்கு அடிச்சிகினு கீற. சேகர் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“நான் எங்கண்ணா டூப்ளிகேட்டுன்னேன்? கிக் இல்லன்னுதான சொன்னேன்.”

நான் அங்கேயேதான் நின்றேன்!

சாம்பாரில் உப்பு வந்துவிட்டது. அப்பாவின் வெள்ளை வேட்டி இஸ்திரியாகி நாற்காலியில். அம்மா பாடிக்கொண்டே என் வேங்கைத் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டாள். ஆதாரத்தை!

இப்போது கேட்டேன்: “அப்பா, கண்டுபிடிச்சது யாரு?”

“நாளைக்கு நீயும் வந்தவாசிக்கு வா. என் பக்கத்துல உக்காரு. இப்ப படு.”

இது பதில் இல்லை. லைட்டை அணைத்துவிட்டார்.