வண்டியின் உள்பக்கம்

சிஸ்டர்,

போன வாரம் நாமக்கல்லில் லாரி சீட் தைக்கும் கடை ஒன்றைத் தாண்டி நடந்தேன். உள்ளே ஒருவர் ஸ்பாஞ்சுக்கு மஞ்சள் பசை தடவிக்கொண்டிருந்தார். அதன் நெடி தெருவரைக்கும் வந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். எதற்காகக் கடைவீதிக்கு வந்தேன் என்பதே மறந்துபோய், அடுத்த பஸ்ஸில் மலைக்குத் திரும்பிவிட்டேன். மற்றவர்களுக்கு அது கடை நாற்றம். எனக்கு அது செம்மேட்டில் உங்கள் குவார்ட்டர்ஸ் முன்னால் இருந்த தகரக் கொட்டகை.

நீங்கள் சுகாதார நிலையத்தில் நர்ஸ். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். உங்கள் வீட்டுக்காரருக்குச் சேலத்தில் ரயில்வே வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். எனக்கோ கல்யாணப் பேச்சு நடந்து நடந்து ஓய்ந்துபோயிருந்த சமயம். சாயங்காலம் ஆனால் இரண்டு பேருக்கும் பனியைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைத் தவிர வேறு வேலை இல்லை. தொண்ணூற்றெட்டில் அந்த லாரி வந்து நின்ற பிறகுதான் நமக்கு வேலை வந்தது.

லாரியில் இருந்து இறங்கியது, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். துணிக் கூரை கிழிந்து தொங்கியது. உங்கள் அப்பா ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் முதலாளிக்கு டிரைவராக இருந்தவர். முதலாளி ஊரைவிட்டுப் போகும்போது அந்த வண்டியை அவருக்கே கொடுத்துவிட்டாராம். அப்பா போன பிறகு அது ஏதோ கொட்டகையில் கிடந்து துருப்பிடித்திருந்தது. இறக்கியவுடனே நீங்கள் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தீர்கள். தோல் கிழிந்து, நார் உதிர்ந்து, சுருள்கம்பி வெளியே தெரிந்த சீட்டில், வெள்ளை யூனிஃபார்மோடு! எழுந்தபோது முதுகெல்லாம் துருக்கறை.

"சின்ன வயசுல அப்பா தினமும் இதைக் கழுவுவாரு டீச்சர். நான் வாளி தூக்கிட்டு நிப்பேன். உள்ள ஒருதடவை உக்காந்துக்கிறேன்னு கேட்டா, மொதலாளி வண்டிம்மா, கூடாதும்பாரு. வெளிய எப்படியோ போகட்டும். எனக்கு உள்ளதான் வேணும்."

இன்ஜினையும் பிரேக்கையும் நாமக்கல்லில் இருந்து ஒரு மெக்கானிக் ஞாயிறுதோறும் வந்து பார்த்தார். உள்பக்கம் நம்முடையது. நம் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. பழைய சீட் உறையைத் தையல் தையலாகப் பிரித்து, செய்தித்தாளில் வைத்து வரைந்து, அந்த அளவுக்குத் தோலை வெட்டினோம். ஈரோட்டில் இருந்து நீங்கள் வரவழைத்த கருஞ்சிவப்புத் தோல். என் தையல் மிஷினில் ஊசி ஒடிந்துகொண்டே இருந்தது. கடைசியில் கோணி ஊசியால் கையிலேயே தைத்தோம். மலையின் ஈரத்தில் கதவின் உள் அட்டை அப்பளம்போல் நெளிந்தது. பிய்த்துவிட்டு மறுபடியும் ஒட்டினோம். டாஷ்போர்டுப் பலகை உளுத்துப்போயிருந்தது. திருப்புலி நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் பிரசவத்துக்குப் போன இடத்தில், அந்த வீட்டுக்காரர் பலாப் பலகை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதை நீங்கள் தலையில் வைத்துச் சுமந்து வந்ததைப் பார்த்து பஸ் ஸ்டாப்பே சிரித்தது.

பாதித் தையலில் ரோட்டில் இருந்து "சிஸ்டருங்க" என்று குரல் வரும். உடனே எழுந்துவிடுவீர்கள். விரலில் ஒட்டிய பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நடப்பீர்கள். திண்ணனூர் நாட்டின் ஒற்றையடிப் பாதைகளில் ஏறி இறங்கிவிட்டு வந்தும், "எங்க விட்டோம் டீச்சர்?" என்று ஊசியை எடுப்பீர்கள்.

அப்படி நடந்தவருக்குத்தான் ஒருநாள் குவார்ட்டர்ஸ் படி ஏற மூச்சு வாங்கியது. ஈறில் ரத்தம் கசிந்தது. முழங்கையில் அடிபடாமலே நீலக் கன்றல். நர்ஸ் என்பதால் எல்லோருக்கும் முன்னால் உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். சேலத்துக்குச் சோதனைக்குக் கிளம்பியபோது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னீர்கள்: "ரெண்டு வாரத்துல வந்துடுவேன். அதுக்குள்ள கதவட்டைய ஒட்டி வையுங்க."

நீங்கள் திரும்பி வரவே இல்லை. ரத்தத்தில் கோளாறு, அங்கேயே தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் வந்து சொன்னார். துணிமணிகளை எடுத்துக்கொண்டு, கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்தார். "டீச்சர் முடிச்சுடுவாங்கன்னு சொல்றா" என்றார்.

அன்று தொடங்கியது என் ஓட்டம். பள்ளி விட்டால் நேராகக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து பஸ் ஸ்டாப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசுவீர்கள். பூத்துக்காரர் ஆளனுப்பி என்னைக் கூப்பிடுவார்.

"எப்ப வர்றீங்க டீச்சர்?"

"உங்க சீட்டு மட்டுந்தான் பாக்கிங்க சிஸ்டர். முடிஞ்சதும் வண்டியிலயே வாரனுங்க."

அடுத்த ஞாயிறும் கேட்டீர்கள். கார்ப்பெட் காயவில்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறு, கூரைத் துணிக்குப் பட்டன் வரவில்லை என்றேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கார்ப்பெட் காயவில்லைதான், பட்டன் வரவில்லைதான். ஒருமுறை நான் ரிசீவரை வைத்ததும் பூத்துக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஏனுங்க டீச்சர், காலைல பஸ்ஸு இருக்குதுங்களே. போய்ப் பாத்துட்டு சாயங்காலம் வந்துரலாமுங்களே."

"வேலை கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ் இருந்தது, சிஸ்டர். தினமும் இருந்தது. ஆனால் அந்தப் பஸ்ஸில் ஏறினால் போய் நிற்க வேண்டிய இடம் உங்கள் கட்டில். முடி கொட்டிவிட்டதாக உங்கள் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மலையையே நடந்து தீர்த்தவரைப் படுக்கையில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கொட்டகையிலோ நீங்கள் நல்லபடியாகவே இருந்தீர்கள். உங்கள் கோடு, உங்கள் தையல், "எங்க விட்டோம்" என்ற உங்கள் குரல். அங்கேயே இருந்துகொண்டேன். அதை உங்களுக்காகச் செய்கிறேன் என்று ஊரும் சொன்னது, நானும் நம்பினேன். நேராக வந்துவிட்ட தையலைக்கூடச் சரியில்லை என்று பிரித்துத் திரும்பத் தைத்தேன். முடிந்துவிட்டால் கிளம்ப வேண்டுமே.

ஆனாலும் ஒருநாள் முடிந்துவிட்டது. மெக்கானிக் சாவியைக் கையில் கொடுத்து, "இனி ஒண்ணுமில்லீங்க, ஓட்டிட்டுப் போங்க" என்றார். என் அப்பாவின் டிராக்டரிலும் ஜீப்பிலும் ஓட்டிப் பழகிய கை எனக்கு. கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கூரையை மூடினேன். சேலம் வரைக்கும் விடவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில், உங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்திவிட்டு மாடி ஏறினேன். என்னைப் பார்த்ததும் சிரித்தீர்கள். கீழே போக வேண்டும் என்றீர்கள். டியூட்டியில் இருந்த நர்ஸ் முடியாது என்று தலையாட்டினாள். நீங்கள் அவளிடம் வற்புறுத்தவில்லை, உங்களுக்கும் தெரியும்தானே. நானும் உங்கள் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஜன்னலருகில் நிறுத்தினோம். எட்டிப் பார்த்தீர்கள். மழையில் நனைந்த கறுப்புத் துணிக் கூரை தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

"மூடியிருக்கே டீச்சர்."

"மழைங்க சிஸ்டர். தெறந்தா தோல் வீணாயிருமுங்க."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பினீர்கள். "சரி, உள்ள எப்படி இருக்கு? நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். சீட்டின் கோடுகள், கதவட்டை, பலாப் பலகை வார்னிஷ் ஏறி மஞ்சள் கறுத்திருப்பது, உங்கள் கால் படும் இடத்தில் கார்ப்பெட்டை இரட்டையாக மடித்துத் தைத்தது, எல்லாம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்து நான் நிறுத்தினேன்.

"போன மாசமே பஸ்ல வந்திருக்கலாம் நீங்க" என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. "அப்ப நெறையப் பேசியிருப்பேன். இப்ப பேசினா மூச்சு வாங்குது."

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் விரலிடுக்கில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நீங்கள் நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தீர்கள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று எழுப்பிவிட்டார்கள்.

பள்ளியில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நான் மலையேறினேன். அந்த வாரம் முடிவதற்குள் பூத்துக்கு உங்கள் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து வண்டிச் சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "உங்களுக்குன்னு சொல்லிட்டுத்தான் போனா. அவளுக்கு உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்லீங்க டீச்சர்" என்றார். வருத்தம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வண்டி இன்னும் ஓடுகிறது. மழையில்லாத நாளில் கூரையைத் திறந்து சந்தைப் பக்கம் எடுத்துப் போனால், சுற்றுலா வந்தவர்கள் நிறுத்தச் சொல்லிப் பார்ப்பார்கள். உள்ளே என்ன அழகு, யார் செய்தது என்பார்கள். நாங்கள் இரண்டு பேர் என்பேன். மீதியைச் சொன்னதில்லை. அந்தப் பாராட்டில் ஒரு சொல்கூட எனக்கு உள்ளே இறங்குவதில்லை.

சென்ற வருடம் எங்கள் பள்ளியில் சமைக்கிற அம்மாவைக் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நாமக்கல்லில் சேர்த்திருந்தார்கள். எனக்கு அத்தனை பழக்கம் இல்லை. கேள்விப்பட்டபோது அரையாண்டு விடைத்தாள் மேஜையில் குவிந்து கிடந்தது. புடவைகூட மாற்றாமல் பஸ் ஏறினேன். கையில் ஒரு பழம் இல்லை. போய்க் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அந்த அம்மாதான் சங்கடப்பட்டுக் கேட்டது: "இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே டீச்சரு, ஸ்கூல்ல வேலை இல்லீங்களா?"

"இருக்குதுங்க. கெடக்கட்டும்னு வந்துட்டேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. பூத்தில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஞாயிறுகளில் ஒன்றிலாவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது அவ்வளவுதான், சிஸ்டர்.