நானூறு கிராம் உப்பு

பெப்ரவரி 9, 1993

பல்கலைக்கழகப் பரீட்சை மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. மூன்றாவது தடவை. அறிவித்தல் பலகையைப் பார்த்துவிட்டு எல்லோரும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

இது 1989ஆம் ஆண்டு டயறி. புதிது எங்கே கிடைக்கிறது? கிழமைகளை வெட்டிவிட்டு எழுதுகிறேன். யாழ்ப்பாணம் குருநகரில் அப்பா வலையைச் சுருட்டி வைத்து இரண்டு வருடம், சண்டையால் கடலுக்குப் போகத் தடை. எனக்கு நாலு வருடப் படிப்பு ஆறாகிவிட்டது. இரசாயனவியலில் நல்ல பெறுபேறு வந்தால் செய்முறை வகுப்பில் செய்துகாட்டும் டெமொன்ஸ்ரேற்றர் வேலைக்கு எடுக்கலாம் என்று சோமசேகரம் சேர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெப்ரவரி 23

பதினாலு பேர் வகுப்பில் இன்று வந்தது நாலு பேர். சேர் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கணிக்கும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது குண்டு போட பொம்பர் விமானம் வந்தது. முக்கால் மணித்தியாலம் பங்கர்க் குழிக்குள். வெளியே வந்ததும் மற்ற மூன்று பேரும் வீட்டுக்குப் பறந்துவிட்டார்கள். சேர் எனக்கு மட்டும் மிச்சத்தைச் சொல்லி முடித்தார். அவருக்கும் அவசரம். நான் நிற்காமல் எழுதினேன்.

பெப்ரவரி 24

கூடப் படிக்கும் குணலட்சுமி என் பாடக் கொப்பியைக் கேட்டு வந்தாள். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். முகாமில் தண்ணீர் பிடிக்கும் முறை அவளுடையது, அதனால்தான் நேற்று வரவில்லை. "உன்ரை எழுத்துத்தானடி விளங்கும், தா" என்றாள். அவளிடமிருந்து அடுத்தவர், அடுத்தவரிடமிருந்து இன்னொருவர். போட்டோக்கொப்பி இல்லாத ஊரில் என் கொப்பி என்னைவிட அதிகம் ஊர் சுற்றுகிறது. பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 27

ஒருவழியாகப் பரீட்சை நடந்தது. கடைசிக் கேள்வி அதே கிணற்றுத் தண்ணீர். கொப்பியில் படித்தபடியே செய்தேன். ஒரு லீற்றரில் நானூறு கிராம் உப்பு என்று வந்தது. எழுதிவிட்டுப் பார்த்தேன். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை நான், கடல் தண்ணீரிலேயே லீற்றருக்கு முப்பத்தைந்து கிராம்தானே! அப்போதுதான் உறைத்தது. விடைக்கு முன் மில்லிகிராமைக் கிராமாக்க ஆயிரத்தால் பிரிக்க வேண்டும். அந்த வரி என் கொப்பியில் இல்லை.

திருத்திவிட்டு நிமிர்ந்தேன். பதின்மூன்று தலைகளும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தன.

வெளியே வந்ததும் குணலட்சுமி கேட்டாள்: "நானூறு கிராம்தானே?"

"ஞாபகமில்லையடி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லியிருந்தாலும் இனித் திருத்த முடியாதுதான். ஆனால் அது வெறும் நொண்டிச்சாட்டு.

யூன் 11

சோமசேகரம் சேர் கூப்பிட்டார். மேசையில் விடைத்தாள்கள்.

"பதின்மூண்டு பேருக்கும் ஒரே பிழை, ஒரே விடை. குடாநாட்டுக் கிணறெல்லாம் உப்பளமோ? நீர் ஒராள்தான் சரியா எழுதியிருக்கிறீர். சோதினை ஹோலுக்குள்ளை ஒராளை ஒராள் பாத்து எழுதியிருக்கினம் எண்டு விசாரணை வைக்கப் போகினம். உறுதியானால் ரெண்டு வருசத்துக்குச் சோதினை இல்லை."

குணலட்சுமியின் வீட்டில் இன்னும் ரெண்டு வருசம் பொறுக்க மாட்டார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள். எனக்குத் தெரியும்.

நான் "ஓம் சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பிழை என் கொப்பியில் என்று சொல்லவில்லை.

யூன் 12

கண்ணாடி பார்த்து என்னையே கேட்டேன்: என்ன பிறவியடி நீ, மக்டலீன்.

யூன் 14

கொப்பி கடைசியாகப் போனது எங்கள் வகுப்புத் தியாகராசாவிடம். அதை வாங்கத் தொண்டைமானாறு வரை சைக்கிள் மிதித்தேன். கால் இப்போதும் என்னுடையதாக இல்லை.

அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். கணக்கின் நடுவே, ஓரத்தில், அவசரத்தில் நான் கிறுக்கிய சொல்: பொம்பர். அதற்குக் கீழே "ஆகவே" என்று தொடர்கிறது. நடுவில் வரவேண்டிய, ஆயிரத்தால் பிரிக்கும் வரி பங்கரோடு போய்விட்டது.

தியாகராசா தன் கொப்பியையும் காட்டினான். அதே இடத்தில், அதே ஓரத்தில், அழகான எழுத்தில் "பொம்பர்" என்று எழுதியிருந்தான்!

"உந்தச் சொல்லையும் ஏன் எழுதினனீ?" என்றேன்.

"பாடத்திலை ஏதோ ஒரு பேர் எண்டு நினைச்சன்."

சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். அவன் பாவம், ஒன்றும் விளங்காமல் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தான்.

யூன் 16

இரண்டு கொப்பிகளையும் சேரிடம் வைத்தேன். விசாரணைக்கு முன்னால் எல்லோருடைய கொப்பியையும் பாருங்கள், பதின்மூன்றிலும் அந்தச் சொல் இருக்கும் என்றேன். சேர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"திரும்பி வந்து அந்த வரியை நான் சொன்னனானோ எண்டு எனக்கே தெரியேல்லை" என்றார். பிறகு கேட்டார்: "ஹோலுக்குள்ளை பிழையைக் கண்டு வெட்டித் திருத்தியிருக்கிறீர். இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

பதில் இருந்தது. அந்த வேலை எனக்குக் கிடைக்க வேண்டும் என்ற ஆசை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

யூலை 20

முடிவு வந்தது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. அந்த வினாத்தாள் ரத்து. பதினாலு பேரும் நவம்பரில் திரும்ப எழுத வேண்டும், நானும்தான். டெமொன்ஸ்ரேற்றர் இடத்துக்குப் பெறுபேறு ஓகஸ்டில் வேண்டுமாம். வேறொருவரை எடுக்கிறார்கள்.

குணலட்சுமி எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். "வெளியிலை வந்து உன்னட்டைத்தானே கேட்டனான். ஞாபகமில்லையெண்டனீ."

ஓம், சொன்னேன்.

செப்ரெம்பர் 6

ஒருத்தரும் கொப்பி கேட்பதில்லை.

நவம்பர் 2

நாளை மறுநாள் பரீட்சை. நூலகத்துப் பின் மரத்தடியில் தனியே இருந்தேன். குணலட்சுமி வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு எதிரே அமர்ந்தாள். முகம் இன்னும் தெளியவில்லை. பையிலிருந்து தன் கொப்பியை எடுத்தாள்.

"நீ வாசி. நான் என்ரையோடை சரி பாக்கிறன். ஒவ்வொரு வரியா வாசி."

வாசித்தேன். பாதியில் பொம்பர். ஓடிப் பங்கருக்குள் விழுந்தோம். மண் உதிர்ந்தது. சத்தம் ஓய்ந்து வெளியே வந்து தூசு தட்டிக்கொண்டே அவள் கேட்டாள்:

"எந்த வரியிலை விட்டனாங்கள்?"

கொப்பியை நீட்டினேன். பங்கருக்குள்ளும் அந்த வரியிலிருந்து நான் விரலை எடுக்கவில்லை.

அவள் என் விரலைப் பார்த்தாள். "சரி, வாசியடி" என்றாள்.