கண் நரம்பில் சுண்ணாம்பு

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிப் பவர் மாற்றத்தான் போனேன். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு கண்லயும் நரம்பு முனை வீங்கின மாதிரி இருக்கு. மூளையில அழுத்தம் இருக்கான்னு உடனே பார்த்துடலாம்” என்றார். பதினாறு வருடமாக டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறேன். ‘பதறாதீங்க’ என்று சொல்வதுதான் என் பிழைப்பு. வெளியே வந்து யாருடைய காரின் கதவையோ இழுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5

மனைவியிடம் தழுதழுத்தேன்: “நான் போயிட்டா நீ இன்னொரு கல்யாணம் பண்ணிக்கணும்.”

“ஒண்ணு பட்டதே போதும். வெங்காயத்தை உரிங்க.”

அவள் கண்ணிலும் தண்ணீர். வெங்காயம்தான் காரணம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

மார்ச் 7

ஸ்கேன். மூளையில் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். அதற்காக நான் சந்தோஷப்பட்டது இதுவே முதல் முறை.

மார்ச் 11

பிறகு வீக்கம் ஏன்? மூடிய இமைமேல் பசை தடவி ஒலி ஸ்கேன் எடுத்தார்கள். திரையில், நரம்பு முனையில், பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள்.

“இது வீக்கமே இல்லைங்க. சுண்ணாம்புத் துணுக்கு. ட்ரூசன்னு பேரு. உள்ள புதைஞ்சிருக்கறதால வீங்கின மாதிரி காட்டுது.”

“எடுத்துடலாமா?”

“முடியாது. பக்கப் பார்வை மெல்லக் குறையலாம். வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணணும். உங்களுக்கு இப்ப முழுசா இருக்கு. கூடப் பிறந்தவங்களையும் பார்க்கச் சொல்லுங்க. குடும்பத்துல வரும்.”

கூடப் பிறந்தவள் அக்கா ஒருத்தி. நான்கு வருடமாகப் பேச்சில்லை.

மார்ச் 12

போன் செய்யவில்லை. வீரன்!

மார்ச் 14

செய்தேன். அவளுக்கு வண்டி கற்றுக்கொடுத்தது நான்தான். மூன்றாம் முறை கேட் தூணில் உரசியபோது, சொந்தக்காரர்கள் முன்னால், “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று கத்தினேன். அன்றோடு ஸ்டியரிங்கையும் விட்டாள், என்னையும் விட்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். “சரி” என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 21

அக்காவே போன் செய்தாள். அவளுக்கும் அதே. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிக்கிறாளாம். ஆனால் பக்கப் பார்வையில் பாதி போய்விட்டது. போனது திரும்பாதாம்.

“தூண் தெரியலைன்னு அன்னிக்கே சொன்னேனேடா.”

சொன்னாள். எல்லாரும் சொல்ற சாக்குதானேன்னு நினைச்சேன். பதினாறு வருஷம் ஊருக்கெல்லாம் ‘ஓரம் பாருங்க’ன்னு சொன்னவன்... நான் என்னத்தைப் பார்த்தேன்?

ஏப்ரல் 2, புதன்

அக்காவை அடுத்த டெஸ்டுக்கு நானே கூட்டிப்போனேன். வழியில், “மன்னிச்சுடுக்கா” என்றேன்.

“ரோட்டைப் பார்த்து ஓட்டு.”

ஆஸ்பத்திரி வாசலில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“படி இருக்கு” என்றேன்.

“தெரியுது” என்றாள். கையை விடவில்லை.