நாலு பாடமும் ஒரு சீப்பு வாழைப்பழமும்

மாணவியர் விடுதி,
பேராதனை.
8.2.1998

என் அருமைத் தெய்வானைக்கு,

பூரணி எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை, மூக்கொழுகும் இந்தத் தடிமனைத் தவிர. உன் சுகமும், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைக் காம்பராவில் உன் பொறுப்பில் விட்டுப்போகும் அத்தனை வாலுகளின் சுகமும் அறிய ஆவல்.

ஒரு சேதி. அண்ணனிடம் மூச்சு விடாதே. இங்கே புதிதாக ஒரு படிப்புத் தொடங்குகிறார்கள். புவியியல், வரலாறு, சமூகவியல், தமிழ் நான்கையும் தனித்தனியே பிரித்து வைக்காமல் சேர்த்துப் படிப்பது. நம் லயத்தையே, அந்த வரிசை வீடுகளையே எடுத்துக்கொள்ளேன். அதை ஏன் தண்ணீர் வடியாத அந்தச் சரிவில் கொண்டுபோய்க் கட்டினார்கள், கட்டியது யார், உள்ளே இருக்கிறவர்களில் யார் பேச்சு எடுபடுகிறது, எல்லாமே ஒரே கேள்விதான் என்கிறார்கள். சண்டை வந்தால் என்ன சொல்லி ஏசுகிறார்கள் என்பதுகூடப் பாடமாம். அதற்கு உன் அம்மாவிடம் வந்தாலே போதும், பட்டம் வாங்கிவிடலாம்.

எனக்கு இடம் தரச் சம்மதம். ஆனால் மூன்று வருடத்தில் முடிகிற படிப்பு நான்கு வருடமாகும். அங்கேதான் மனது இடறுகிறது. என்னைக் கட்டிக்கொடுக்காமல் உன் கழுத்தில் தாலி கட்ட மாட்டேன் என்று என் அண்ணன் பிடிவாதமாக நிற்கிறார். என் படிப்பு நீண்டால் உன் காத்திருப்பும் நீளும். அதனால் உன்னிடம்தான் முதலில் கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்.

உன்
பூரணி


மேற்பிரிவு,
கல்லுமலைத் தோட்டம்,
மஸ்கெலியா.
23.2.1998

பாசமுள்ள பூரணிக்கு,

உன் கடிதம் வந்தது. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படித்தேன். மலைக்கு யாத்திரை போகிற சனம் பஸ்ஸை எல்லாம் நிறைத்துக்கொண்டு போகிறது. இந்த சீசன் முடிகிறவரை டவுனுக்குப் போய் ஒரு சோப்பு வாங்கி வரவும் வழியில்லை.

வேண்டாம் என்று எழுத மனசு வரவில்லை. சந்தோசமாகப் படி என்று எழுதினால் அது பொய். உன்னிடம் எனக்கென்ன ஒளிவு? ராகலையிலிருந்து என்னைக் கேட்டு வந்தவர்களை அம்மா திருப்பி அனுப்பியது உன் அண்ணனை நம்பித்தான். இப்போது தினமும் புலம்பல். "மாப்பிள நல்லமுத்து வீட்டிலேருந்து ஒருத்தராச்சும் வந்து முறையாக் கேக்கட்டும். அதுவரைக்கும் ஊரு வாய நான் எதக் கொண்டு அடைக்கிறது?" என்கிறது.

நீ சொன்னபடி அண்ணனிடம் விசயத்தைச் சொல்லவில்லை. அவர் வேலை செய்கிற, தேயிலை அரைக்கிற ஸ்டோர் வாசலில் கண்டபோது சும்மா கேட்டுப் பார்த்தேன், நாலு பாடத்தைச் சேர்த்துப் படிச்சா என்னாவாங்க என்று. "எல்லாக் காயையும் ஒரே சட்டியில போட்டா அது என்னா கறின்னு பேரு சொல்ல முடியுமா? பேரு சொல்ல முடியாத படிப்புக்கு எவன் வேல குடுப்பான்?" என்றார். நீ பூகோள டீச்சராக வரப்போகிறாய் என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். உனக்குத் தெரியுமா அது?

நீயே யோசித்து முடிவெடு. என்னை நடுவில் நிறுத்தாதே.

தெய்வானை


பேராதனை.
5.4.1998

அன்புத் தெய்வானை,

உன் கடிதம் என்னை அழவைத்துவிட்டது. கோபமில்லை. நீ உண்மையைச் சொன்னதே பெரிது.

புதுவருட விடுமுறைக்கு வருகிறேன். அண்ணனிடம் முகத்துக்கு நேரே பேசப்போகிறேன், நீங்கள் முதலில் கட்டுங்கள், நான் பிறகு கட்டுகிறேன் என்று. அவர் கேட்பாரோ மாட்டாரோ.

என்னோடு யசோதினியும் வருகிறாள். என் அறைத்தோழி. போரினால் தரைப்பாதை மூடிக் கிடக்கிறது, யாழ்ப்பாணத்துக்குப் போகக் கப்பலிலும் இடம் கிடைக்கவில்லை, பாவம். புதிய படிப்பில் சேர விரும்புகிறவர்கள் வீடுவீடாகப் போய்க் குடும்பங்களைப் பற்றி விசாரித்து வரவேண்டும். எங்கள் இருவருக்கும் கலியாண வழக்கங்கள் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். உன் வீட்டுக்கும் வருவோம். அம்மாவிடம் சொல்லி வை.

உன்
பூரணி


கல்லுமலைத் தோட்டம்.
4.5.1998

அடி பூரணி,

முதலில் ஓரிடத்தில் உட்கார். பிறகு படி.

அண்ணன் பிடிகொடுக்கவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாயே, நீ போன பிறகு இங்கே நடந்த கூத்தைக் கேள்.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை நீயும் யசோதினியும் எங்கள் லயத்துக் காம்பராவுக்குப் போனீர்கள். நான் வேலையில் இருந்தேன். நீ வருவதை அம்மாவிடம் சொல்லி வைக்கவும் மறந்துவிட்டேன். இரண்டு பேரும் சேலை கட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். சிநேகிதி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு. போய் உட்கார்ந்ததும் யசோதினி கேட்டிருக்கிறாள், "பிள்ளைக்கு எத்தினை வயதம்மா? கலியாணம் எப்ப செய்யிறதா யோசிச்சிருக்கிறியள்? என்ன குடுக்கிறதா எண்ணம்?"

வெள்ளிக்கிழமை, சேலை, பழம், கூடவே படித்த பெரிய இடத்துப் பெண் ஒருத்தி. அம்மா வேறென்ன நினைக்கும்? மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்துவிட்டார்கள் என்று ஆளுக்கு இரண்டு ரொட்டி சுட்டுப் போட்டிருக்கிறது. நீங்களும் சாப்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டீர்களே! பெண் கேட்டு வந்தவர்கள் சம்மதமில்லாமல் கை நனைக்க மாட்டார்கள் என்று உனக்குத் தெரியாதா? கலியாண வழக்கம் விசாரிக்க வந்தவளாம்.

நான் வேலை முடிந்து வரும்போது வழியெல்லாம் வாழ்த்து. அம்மாவிடம் போய் இது படிப்புக்குக் கேட்ட கேள்வி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

உன் அண்ணனுக்கு ஸ்டோருக்குள்ளேயே சேதி போய்விட்டது. கண் சிவக்க வந்தார். "யாரைக் கேட்டு அனுப்புனீங்க?" என்று உங்கள் அம்மாவிடம் பாய, அவர், "நான் அனுப்பலப்பா. ஆனா இனிமே இல்லேன்னு சொன்னா அந்தப் புள்ளைக்கு எவ்வளவு அவமானம்" என்றாராம். அதைக் கேட்டு உன் அண்ணன் இறங்கி வந்துவிட்டார். ஆவணியில் நாள் பார்த்திருக்கிறது.

சந்தோசம் தாங்க முடியவில்லை பூரணி. அவரிடம் பேசத்தான் பயமாக இருக்கிறது.

தெய்வானை


பேராதனை.
17.5.1998

என் கண்ணான தெய்வானைக்கு,

படித்துவிட்டுக் கட்டிலில் விழுந்து சிரித்தேன். யசோதினிதான் பயந்துபோனாள். "ஐயோ, நான் ஒண்டும் நினைச்சுக் கேக்கேல்லையடி" என்று ஒரே புலம்பல். எங்கள் ஆசிரியையிடம் சொன்னோம். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுங்கள், விசாரிக்கப் போகிறவர்களும் அந்த ஊர் வழக்கத்துக்குள்தான் நடக்கிறார்கள் என்பது அதில் இருக்கிறது என்றார்.

அண்ணன் எனக்கும் எழுதியிருந்தார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என்னைத்தான் கிழித்துவிட்டார். உள்ளூர அவருக்கும் ஆசைதான், எனக்குத் தெரியாதா?

இவ்வளவும் செய்துவிட்டு இன்னொரு வருடம் தாருங்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. புதிய படிப்புக்குப் பெயர் கொடுக்க செப்டெம்பர் கடைசிவரை நேரமிருக்கிறது. நான் கொடுக்கப்போவதில்லை. மூன்று வருடத்தோடு முடித்துக்கொண்டு டீச்சராக வந்துவிடுகிறேன். கொஞ்சம் கவலைதான், மறைக்கவில்லை. நீ அதை மனதில் போட்டுக்கொள்ளாமல் சேலை எடுக்கிற வேலையைப் பார்.

உன்
பூரணி


கல்லுமலைத் தோட்டம்.
16.9.1998

அன்பு நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. இப்படி எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது. மற்றபடி நான் அதே தெய்வானைதான்.

அண்ணன் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் நீ போட்டாயே, என்ன ஆத்திரமோ தெரியவில்லை, பிடரியில் இன்னும் உறுத்துகிறது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நேற்று உன் அண்ணன் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்து ஆரம்பித்தேன். "தங்கச்சியக் கட்டிக்குடுக்காம நான் கட்ட மாட்டேன்னீங்க. கட்டிட்டீங்க. யாரு என்னா சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"அப்ப அவ ஒரு வருசம் கூடப் படிச்சா மட்டும் யாரு என்னா சொல்லப் போறாங்க? அந்த நாலு பாடத்தையும் தூக்கிக்கிட்டு அவ எங்க வீட்டுக்கு வரலேன்னா, இன்னைக்கு உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்த நான் இங்க இருப்பேனா?"

சிரித்துவிட்டார். சிரித்த பிறகும் விடவில்லை. "சரி, என்னா படிக்குதுன்னு நாலு பேரு கேட்டா பேரு என்னான்னு சொல்றது?"

"நம்மளப் படிக்கிறான்னு சொல்லுங்க" என்றேன்.

கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி கேட்டார். இன்று காலை பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை உன்னை விசாரித்தாராம். "எந் தங்கச்சி இப்ப நம்மளத்தாங்க படிக்குது. நாலு வருசப் படிப்பு" என்று இவர் சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. பிறகென்ன? ஓடிப்போய்ப் பெயரைக் கொடு. இது சிநேகிதி சொல்வதில்லை, அண்ணி சொல்வது. மறுபேச்சு கூடாது.

இன்னொன்று. அந்த யாழ்ப்பாணத்துப் பெண் அடுத்த விடுமுறைக்கும் கேள்வி கேட்க வருமா என்று அம்மா விசாரிக்கிறது. என் தங்கச்சி விஜயாவுக்கும் கலியாண வயதாகிவிட்டதாம். வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வரட்டுமாம். வாழைப்பழத்தை மறக்க வேண்டாமாம்.

உன்
அண்ணி