எட்டாய்க் கிழிந்த விரிப்பு

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் நான்கு டப்பா கட்டினேன். தங்கைக்கு, மாப்பிள்ளைக்கு, பாப்பாவுக்கு, எனக்கு. தங்கையும் மாப்பிள்ளையும் இந்த வெளிநாட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள், பாப்பா அங்கேயே மூன்றாம் வகுப்பு. சமையலுக்கும் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளவும் என்னைக் கூட்டி வந்ததாக வெளியே பேச்சு. உண்மையில் நான் இல்லாமல் இவர்களுக்குக் கை ஓடாது, கால் ஓடாது. வந்த விமானத்தில் விமானியே எழுந்து வந்து என்னிடம் சௌக்கியம் விசாரித்தார். (சரி, பணிப்பெண்தான்.)

வீடு பள்ளிக்கூடம் கொடுத்தது. கட்டில், மேசை, ஆறு வெள்ளை விரிப்பு. எல்லாவற்றிலும் பள்ளிக்கூட முத்திரை. நாம் என்ன தூக்கிக்கொண்டா ஓடப்போகிறோம்?

செப்டம்பர் 5, வியாழன்

தங்கை வீங்கிய கண்ணோடு வந்தாள். அவளுடைய மேற்பார்வை அம்மா இன்று வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து கணக்குப் பாடத்தைப் பார்த்திருக்கிறார். ஊசி விழுந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி. நம் பக்கத்தில் அதற்கு மாலை போடுவார்கள். இந்த அம்மா என்ன எழுதினார் தெரியுமா? “ஒரு பிள்ளைகூடக் கேள்வி கேட்கவில்லை. பாடம் புரிந்ததற்கு அடையாளம் இல்லை.”

இருபதாம் தேதி மறுபடி பார்ப்பாராம். அதிலும் தேறாவிட்டால் தங்கைக்கு வேலை இல்லை. எல்லோரும் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

மாப்பிள்ளை மெதுவாக, “மச்சான், பரண்ல இருக்கற பெட்டியை எறக்கி வெச்சுக்கலாமா?” என்றார்.

“எறக்குங்க மாப்ளே. மொதல்ல உங்களை மடிச்சு உள்ள வைக்கிறேன்.”

போவதா? நானா? பக்கத்து வீட்டுக்காரரிடம் பத்து வருஷம் இருப்பதாகச் சொல்லியாகிவிட்டது!

செப்டம்பர் 9, திங்கள்

அறிவித்துவிட்டேன்: இன்று முதல் நான்தான் மாணவன். சமையலறை மேசைதான் வகுப்பு. தங்கை என்னை வைத்துப் பாடம் நடத்திப் பழகட்டும்.

பாடம் பின்னம். கணினித் திரையில் வட்டம் வட்டமாகப் படம் காட்டினாள். “புரியுதா?” என்றாள். “பேஷா” என்றேன்.

“மாமா புளுகறாரும்மா,” என்றாள் பாப்பா. “நாலுல ஒண்ணு பெருசா, எட்டுல ஒண்ணு பெருசான்னு கேளுங்க.”

“இது ஒரு கேள்வியா? எட்டுலதான். நாலைவிட எட்டு பெருசில்லையா?”

மூவரும் சிரித்தார்கள். தங்கை முதலில் நிறுத்தினாள். “அண்ணே... இத்தனை வருஷமாவா?”

சொல்லிக்கொடுக்க மேற்கொண்டு ஒன்றும் இல்லாததால் ஆறாம் வகுப்போடு நின்றேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த நோட்டுக்கு மட்டும் நிஜம்: பின்னத்தில்தான் எழுந்து வந்தேன். கேட்டால் பிரம்பு. அதனால் கேட்காமல் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலை ஆடி ஆடி வாசலுக்கு வந்துவிட்டது.

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்றும் புரியவில்லை. தப்பு என்னிடம் இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

சண்டை.

“நீ வேணும்னே பண்றே அண்ணே.”

“வேணும்னே மக்கா இருக்க எனக்கு யாராவது விருதா குடுக்கறாங்க? புரியலைன்னா புரியலைதான். வட்டத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? நான் துணிக்கடைக்காரன்!”

கடையில் இருபத்திரண்டு வருஷம். (இங்கே கடையே என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். துணி கிழித்துக் கொடுத்தவன்தான். ஆனால் என்னைப் போல் நேராகக் கிழிக்க இன்னொருவன் பிறக்கவில்லை, அது பொய்யில்லை.)

அவள் விருட்டென்று உள்ளே போனாள். கட்டிலில் கிடந்த விரிப்பை உருவிக்கொண்டு வந்து என் மடியில் எறிந்தாள். “கிழி. ரெண்டு பேருக்கு.”

சர்ர்ரென்று கிழித்தேன். “ஆளுக்கு ஒரு போர்வை.”

“நாலு பேருக்கு?”

“ஆளுக்கு ஒரு துண்டு.”

“எட்டுப் பேருக்கு?”

“கோவணந்தான் மிஞ்சும்—”

வாயைத் திறந்தபடி நின்றேன். ஆள் கூடினால் பங்கு குறையும். எட்டு பெரிசு, எட்டில் ஒன்று சிறிசு! அடப்பாவிகளா, இவ்வளவுதானா? இதற்கா அன்று அத்தனை பிரம்பு?

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பாப்பா, “மாமா, முத்திரை!” என்று கத்தினாள்.

பள்ளிக்கூடத்து விரிப்பு. மாப்பிள்ளை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

“தூக்கிப் போட்டுட்டுக் காணோம்னு சொல்லிடலாம். நீ பேசாம திரையிலேயே பாடத்தை நடத்து,” என்று மாப்பிள்ளை மூன்று நாளாக மந்திரம் ஓதுகிறார்.

தங்கை எட்டுத் துண்டையும் இஸ்திரி போட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“நான் என்ன திருடினேனா, ஒளிச்சு வைக்க? பாடத்துக்குக் கிழிச்சது. வகுப்புக்கே கொண்டுபோறேன். அந்தம்மா பார்க்கட்டும்.”

அப்படிப் போடு! யார் தங்கச்சி!

செப்டம்பர் 20, வெள்ளி

நான் அங்கே இல்லை. ஆனால் இருந்தவனைவிட நன்றாகச் சொல்வேன்.

துண்டுகளைப் பரப்பி, எது பெரிசு என்று கேட்டிருக்கிறாள். பழைய அமைதி. மேற்பார்வை அம்மா பேனாவைத் திறந்துவிட்டார். உடனே தங்கை, “எங்க வீட்டுல ஒரு பெரிய மனுஷர் எட்டுல ஒண்ணுதான் பெருசுன்னு நாலு நாள் சண்டை போட்டாரு” என்றாளாம். வகுப்பு சிரித்தது. கடைசி வரிசைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி, “அவர் சொன்னது சரிதானே டீச்சர்?” என்றாள்.

அவ்வளவுதான். கை மேல் கை. ஆளாளுக்குத் துண்டைப் பிடித்து இழுத்து, சந்தைக்கடைச் சத்தம்.

அந்த அம்மா எழுந்து வந்து ஒரு துண்டைத் திருப்பினார். முத்திரை. தங்கையைப் பார்த்தார். இவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. “ஆமாம், நம்ம பள்ளிக்கூடத்துதுதான்” என்றாள். அவர் திரும்பிப் போய் உட்கார்ந்து மணி அடிக்கும்வரை எழுதினாராம்.

என்ன எழுதினார்? தெரியாது. பெட்டியை மட்டும் யாரும் தொடக் கூடாது. ஒரு அயல்நாட்டு வகுப்பில் என்னைப் ‘பெரிய மனுஷர்’ என்று சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் 30, சனி

அடுத்த வருஷமும் இதே வீட்டில் தொடர்கிறவர்களின் சாமான்களைச் சரிபார்க்கப் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா வந்தார். கட்டில், சரி. மேசை, சரி. விரிப்பு?

“அஞ்சுன்னு எழுதிடுங்க, ஒண்ணு தொலைஞ்சு—” என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். பேனாவை நான் பிடுங்கினேன். ஏழு துண்டு அலமாரியில் இருக்கிறது. ஒன்றைத் தங்கை அந்தக் கடைசி வரிசைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். தாளில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ஐந்தும், எட்டில் ஏழும்.

குமாஸ்தா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

எனக்கா தெரியாது அந்த ஆட்டல்? நாற்காலியை இழுத்துப் போட்டேன். “உக்காருங்க சார். புரியலைன்னா தலையாட்டக் கூடாது. கேக்கணும்.”