காதில் சொன்ன பெயர்

என் அம்மா கருப்பாயிக்கு,

தம்பி வீட்டில் பெண் பிறந்திருக்கிறாள். அச்சு அசல் உன் நிறம் அம்மா. பார்த்த மாத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பியின் மாமியாருக்கும் வந்தது. அது வேறு அழுகை.

முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர்தானே நம் வழக்கம்? "மாமியா பேர வச்சிட்டு, எம்மவ பிள்ளையை எப்பிடிக் கூப்பிடுவா? மரியாதையா இருக்குமா?" என்று அந்த அம்மா ஆரம்பித்தாள். அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். சுவேதாவில் முடிந்தது. அர்த்தம் தெரியுமா அம்மா? வெள்ளை. இந்தக் கூத்தை நான் யாரிடம் சொல்லிச் சிரிப்பேன்?

தம்பியும் மாமியார் பக்கம் சாய்ந்துவிட்டான். ஆப்பிரிக்காவில் வெள்ளைக்காரர்கள் ஆண்ட ஒரு நாட்டுக்கே கருப்பர் ஒருவர் தலைவராகிவிட்டார் என்று போன வருஷம் டீக்கடையில் பேப்பரை உரக்க வாசித்து, "பாத்தியளா அண்ணாச்சி, நம்ம நெறம்!" என்று குதித்தவன் இவன்தான். இப்போது கேட்டால், "பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவானுவக்கா" என்கிறான். நம் தெருவில் 'கருப்பா' என்று கூப்பிட்டால் நாலு தலை திரும்பும். எல்லாம் சாமிக்கு நேர்ந்து வைத்த பெயர்கள். பெரியப்பா மகன் கருப்பசாமி டவுனில் கடை போட்டு, போர்டில் கே. சாமி ஆகிவிட்டான். ஆளாளுக்கு இப்படி ஒரு எழுத்துக்குள் ஒளிந்துகொண்டால் உன்னை நான் எங்கே போய்த் தேடுவது?

சீவலப்பேரி பஸ்ஸில் கண்டக்டர் "ஏ கருப்பி, உள்ள தள்ளு" என்றபோது நீ சொன்னாயே: "கருப்பாயி, அண்ணாச்சி. சாமி பேரு. முழுசாச் சொல்லுங்க." பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் நீ போன பிறகு உன் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், சிவப்பழகு கிரீம் டியூப் ஒன்று கிடந்தது. பாதி பிதுக்கியது. யாருக்காக அம்மா வாங்கினாய்? உனக்கா, என்னைப் பெண் பார்க்க வந்தபோது எனக்கா? அந்தப் பெயர் உனக்கும் கனத்ததா? அதைப் பச்சைப்பிள்ளை தலையில் ஏற்றுவது நியாயமா? பிள்ளை பிறந்ததிலிருந்து இதே யோசனைதான். உலை பொங்கி வழிவதுகூடத் தெரியவில்லை.

இன்று பெயர் வைத்தார்கள். காதில் பெயர் சொல்வது அத்தைக்காரியின் உரிமை. அதை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை. "சுவேதா. மூணு தடவ. மறந்துராத தாயி" என்று தம்பியின் மாமியார் சொல்லிக் கொடுத்தாள். முந்தானையால் மறைத்துக்கொண்டு, தம்பி பெண்டாட்டி மடியில் கிடந்த பிள்ளையின் காதருகே குனிந்தேன். மூன்று தடவையும் உன் பெயர்தான் வாயில் வந்தது. நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி "சுவேதா" என்றேன். குலவை போட்டார்கள்.

பந்தி முடிந்ததும் தம்பி பெண்டாட்டி அடுக்களைக்கு வந்து பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

"எனக்குக் கேட்டுச்சு மதினி."

பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டேன்.

"மாமியா பேர நான் வாயால சொல்லக் கூடாதுல்லா? நீங்கதான் கூப்பிடணும். நான் கேட்டுக்கிடுதேன்."

கூப்பிடுவேன் அம்மா. பிள்ளை திரும்பிப் பார்க்கும்வரை கூப்பிடுவேன். வளர்ந்தபின் இந்தப் பெயர் பிடிக்கவில்லை என்றாள் என்றால், அந்த பஸ்ஸையும் சொல்வேன், அந்த டியூபையும் சொல்வேன். அப்புறம் அவள் இஷ்டம். ஆனால் நான் சொல்லும்போது முழுசாகத்தான் சொல்வேன்.

உன் நிறத்து மகள்,
உன் பேத்திக்கு அத்தை.